அசிசியின் ஆலயங்கள்: பிரான்சிஸ் கண்ணால் கண்டவையும் அவருக்குப் பின் எழுந்தவையும்

இத்தாலிப் பயணத்தில் ஒரே ஒரு நாளை அசிசிக்கு ஒதுக்கியிருப்பதாகவும், பிரான்சிஸ்கன் துறவு சபையை நிறுவிய புனித பிரான்சிஸின் கல்லறை உள்ள பேராலயத்தைத் தவிர வேறு எந்தக் கோவில்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றும், அவற்றுள் எவை உண்மையிலேயே அவர் காலத்தவை என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்கும் விடை தானாகக் கிடைத்துவிடும்.

அசிசியை நெருங்கும் எவர் கண்ணிலும் முதலில் படுவது, மலைச்சரிவின் மேற்கு முனையில் அடுக்கடுக்கான வளைவுகள் தாங்க ஒரு கோட்டையைப் போல் நிற்கும் கல்லறைப் பேராலயம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தின் ஒரு கல்லைக்கூட பிரான்சிஸ் பார்த்ததில்லை. அவர் 1226 அக்டோபர் 3 மாலை இறந்தார். அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது 1228 ஜூலையில். அவர் வழியில் துறவு பூண்ட புனித கிளாராவின் பேராலயமும், சமவெளியில் உள்ள சம்மனசுகளின் (வானதூதர்களின்) மாதா பேராலயமும், அவர் பிறந்து வளர்ந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் எழுந்த புதுக்கோவிலும் அவருக்குப் பின் வந்தவையே. அவர் முழந்தாளிட்ட இடங்களும், தம் கையால் கல் அடுக்கிச் செப்பனிட்ட கோவில்களும் மிகச் சிறியவை. அவற்றுள் பல இன்று பெரிய கட்டடங்களின் வயிற்றுக்குள் இருக்கின்றன. ஆகவே அசிசியில் எந்தப் பெரிய ஆலயத்துக்குள் நுழைந்தாலும், இது எந்தச் சிறு பொருளைப் பொதிந்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது என்று முதலில் தேடுங்கள். அந்த ஊரைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இந்தத் தேடலை ரயிலடியிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அசிசியின் ரயில் நிலையம் மலைமேல் இல்லை. கீழே, சாந்தா மரியா தெல்லி ஆஞ்செலி என்ற சமவெளிப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் சம்மனசுகளின் மாதா பேராலயம் உள்ளது. திருத்தந்தை ஐந்தாம் பயஸ் காலத்தில், 1569இல், கலேயாத்சோ அலெசி என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி தொடங்கிய வேலை 1679 வரை இழுத்துக்கொண்டு போயிற்று. 1832ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நடுக்கூடம் இடிந்து விழுந்தது. குவிமாடம் தப்பியது, அதன் நேர் கீழே இருந்த சின்னக் கோவிலும் தப்பியது. இன்று காணும் முகப்பு 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் அந்தக் கூடத்தின் அகலத்தையும் உயரத்தையும் பார்த்து நின்றுவிடாமல் நேராகக் குவிமாடத்தை நோக்கி நடங்கள். அங்கே, பெரிய கட்டடத்துக்குள் இறக்கி வைத்ததுபோல், ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கல் கோவில் தனியாக நிற்கும். அதுதான் பொர்சியுங்கோலா. "சிறு துண்டு நிலம்" என்பது அந்தப் பெயரின் பொருள்.

பொர்சியுங்கோலாவின் வெளிமுகப்பில் உள்ள ஓவியம் 1829இல் ஓவர்பெக் என்ற ஜெர்மானியர் தீட்டியது. பீடத்துக்குப் பின்னுள்ள ஓவியம் 1393ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவற்றைத் தாண்டி அதன் பக்கச் சுவர்களைக் கவனியுங்கள். உள்ளே பூச்சில்லாத கற்கள், ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்டவை, விளக்குப் புகையிலும் கைபட்டும் கறுத்து வழவழப்பானவை. சுபாசியோ மலையின் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்குச் சொந்தமாயிருந்த இந்தக் கோவிலைப் பிரான்சிஸ் செப்பனிட்டார். அவர்கள் அதை அவருடைய சகோதரர்களின் பயன்பாட்டுக்குக் கொடுத்தபோதும், சொந்தமாக வைத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டு, ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாக அனுப்பிவந்தார் என்று சபை மரபு சொல்கிறது. 1212ஐ ஒட்டிய ஒரு குருத்து ஞாயிறு இரவில் வீட்டைவிட்டு வெளியேறி வந்த கிளாராவின் கூந்தலை வெட்டி அவரைத் துறவுக்கு ஏற்றுக்கொண்டதும் இங்கேதான். ஆகஸ்ட் 2ஆம் நாள் இங்கு வருவோர்க்குப் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்குதல்) கிடைக்கும் "அசிசி மன்னிப்பு" என்ற வழக்கத்தை, 1216இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அளித்த அனுமதியோடு மரபு இணைக்கிறது. புதுச்சேரியில் நாம் கப்ஸ் கோவில் என்று அழைக்கும் ஆலயமும் சம்மனசுகளின் மாதா பெயரில் உள்ளதுதான். கப்ஸ் என்பது பிரான்சிஸின் வழிவந்த கப்புச்சின் துறவிகளைக் குறித்த சொல்.

பொர்சியுங்கோலாவுக்குச் சில அடி தள்ளி, வலப்பக்கத்தில், அதைவிடச் சிறிய ஓர் அறை உண்டு. அன்று நோயுற்ற சகோதரர்களின் அறையாக இருந்த அந்த இடத்தில்தான் பிரான்சிஸ் உயிர் துறந்தார். உள்ளே ஆந்திரேயா தெல்லா ரோபியா செய்த சுடுமண் உருவம் நிற்கிறது. பெரும்பாலான குழுக்கள் பொர்சியுங்கோலாவோடு திரும்பிவிடுவதால் இந்த அறையைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் தவறவிட வேண்டாம். இதே சமவெளியில் உள்ள ரீவோதோர்தோவிலும், முதல் சகோதரர்கள் தங்கிய குடிசை நின்ற இடத்தின் மேல் 19ஆம் நூற்றாண்டு ஆலயம் ஒன்று எழுந்திருக்கிறது. ஒரு நாளில் அதற்கு நேரம் இருக்காது.

இனி மலைமேல். பேருந்தில் ஊரின் மேல்முனை வரை போய் இறங்கி, அங்கிருந்து கீழ்நோக்கி நடந்துவந்தால் கால்வலி பாதியாகக் குறையும், கல்லறைப் பேராலயமும் கடைசியில் வரும். முதலில் வருவது மறைமாவட்டத் தலைமை ஆலயமான சான் ரூபினோ. அசிசியின் பாதுகாவலர் பிரான்சிஸ் அல்லர், ஆயராக இருந்து மறைசாட்சியாக உயிர்நீத்த ரூபினோதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இன்றைய ஆலயத்தை 1140இல் ஜொவான்னி தா குப்பியோ என்பவர் தொடங்கினார். வேலை மெதுவாகவே நடந்தது. 1253இல்தான் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் அதை அருள்பொழிவு செய்தார். அதாவது பிரான்சிஸின் இளமை முழுவதும் இது கட்டி முடியாத கோவில். முகப்பில் மூன்று வட்டச் சாளரங்கள். நடுவில் உள்ள பெரிய சாளரத்தை மூன்று கல் மனிதர்கள் தோளில் தாங்கி நிற்கிறார்கள். வாசலில் சிங்கங்கள். அசிசி இருக்கும் உம்ப்ரியா மாநிலத்தில், ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணி முகப்புகளில் இதற்கு இணையானவை மிகச் சில என்பது என் கருத்து.

அந்த முகப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கீழே பேராலயத்தைத் திட்டமிட்ட அதே அலெசி 1571இல் இதன் உட்புறத்தை முழுமையாக மாற்றிவிட்டார். ஆனால் கதவைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் இரும்புக் கிராதிக்குள் ஒரு பழைய கல்தொட்டி இருக்கும். பிரான்சிஸும் கிளாராவும் திருமுழுக்குப் பெற்ற தொட்டி அதுதான் என்பது ஊர் மரபு. கிளாராவின் குடும்ப வீடும் இந்தக் கோவிலை ஒட்டியே இருந்தது. தரையில் ஆங்காங்கே பதித்திருக்கும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் அடியில் உரோமர் காலக் கட்டுமானம் தெரியும். மணிக்கூண்டு நிற்பதும் உரோமர் கட்டிய ஒரு நீர்த்தொட்டியின் மேல்தான்.

அங்கிருந்து இறங்கினால் ஊர்ச் சதுக்கம். ஆறு கொரிந்தியத் தூண்களோடு நிற்கும் மினெர்வா கோவில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது மாதா ஆலயமாயிற்று. பிரான்சிஸ் ஒவ்வொரு நாளும் பார்த்த தூண்கள் இவை. எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சதுக்கத்துக்குச் சற்றுக் கீழே உள்ள கியேசா நுவோவா, அதாவது புதுக்கோவில், 1615இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பின் பொருளுதவியால் எழுந்தது. துணி வணிகரான தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே மகனை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் சிறிய இருட்டறை ஒன்று அதற்குள் இருக்கிறது. பத்து நிமிடம் போதும்.

சாந்தா கியாராவுக்கு, அதாவது கிளாராவின் பேராலயத்துக்கு, அதிக நேரம் ஒதுக்குங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமான சுபாசியோக் கல் மாறி மாறி வரும் முகப்பும், பக்கச் சுவரைத் தாங்கி நிற்கும் பெரிய வளைவுகளும் கொண்ட இந்தப் பேராலயம், கிளாரா 1253இல் இறந்து 1255இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு, 1257இல் தொடங்கப்பட்டது. அது எழுந்த இடத்தில் முன்பு சான் ஜோர்ஜோ என்ற சிறு கோவில் இருந்தது. பிரான்சிஸ் சிறுவனாக எழுத்துப் படித்ததும், இறந்த பின் முதலில் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். அவரைப் புனிதராக அறிவிக்கத் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி நேரில் வந்ததும் அங்கேதான். அந்தக் கோவில் புதிய ஆலயத்தில் கரைந்துவிட்டது. அதன் நினைவாக நிற்கும் பக்கச் சிற்றாலயத்தில், ஊருக்குக் கீழே உள்ள சான் தமியானோ என்ற சிறு கோவிலில் முன்பு இருந்த சிலுவை தொங்குகிறது.

இந்தச் சிலுவையை அவசரமாகப் பார்க்கக் கூடாது. 12ஆம் நூற்றாண்டில் மரத்தின் மேல் துணி ஒட்டித் தீட்டியது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். கிறிஸ்துவின் கண்கள் திறந்திருக்கின்றன, முகத்தில் வேதனை இல்லை, கைகள் ஆணியில் தொங்காமல் விரிந்து நிற்கின்றன. இரு பக்கமும் மரியாவும் யோவானும் மகதலா மரியாவும் யாக்கோபின் தாயும் நூற்றுவர் தலைவரும் நிற்கிறார்கள். கிறிஸ்துவின் காலருகே உற்று நோக்கினால் ஒரு சின்னச் சேவல் தெரியும். பேதுருவின் மறுதலிப்பை நினைவூட்டும் சேவல் அது. இதன் முன் முழந்தாளிட்டபோதுதான் "போய் என் வீட்டைப் பழுதுபார்" என்ற குரலைப் பிரான்சிஸ் கேட்டார் என்பது மரபு. நிலவறையில் கிளாராவின் உடலும் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே காட்சிக்கு உள்ள பொருள்களில் பிரான்சிஸின் ஒட்டுப்போட்ட அங்கி என்னை எப்போதும் நிறுத்திவைக்கும்.

சிலுவை மேலே வந்துவிட்டது, ஆனால் அது பேசிய கோவில் கீழே அப்படியே இருக்கிறது. ஊர்வாசலைத் தாண்டி ஒலிவ மரங்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சான் தமியானோ. திரும்பி ஏறுவது சிரமம்தான்; இருந்தாலும் ஒரு நாளில் ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் சொல்வேன். அசிசியின் முதன்மையான திருத்தலங்களுள் மேலே ஆடம்பரமாக எதுவும் கட்டப்படாமல் தப்பியது இது. கிளாராவும் அவருடைய சகோதரிகளும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியே வராமல் இங்கே வாழ்ந்தார்கள். அவர் இறந்த பின் சகோதரிகள் நகர மதிலுக்குள் குடியேறியபோது சிலுவையையும் எடுத்துச் சென்றார்கள். இங்கே இன்று தொங்குவது அதன் நகல்.

உள்ளே பார்க்க வேண்டியவை கையளவுதான். புகையால் கறுத்த தாழ்ந்த கூரையின் கீழ், கரடுமுரடான பலகைகளால் ஆன பாடற்குழு இருக்கைகள் இருக்கின்றன. சகோதரிகள் உண்ட அறையில் பழைய மேசைகள் சுவரோரமாக நிற்கின்றன. கிளாரா அமர்ந்த இடத்தில் பூ வைத்திருப்பார்கள். மாடியில் அவர்கள் படுத்துறங்கிய கூடத்தின் மூலையில் அவர் இறந்த இடத்தையும் அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். தாம் எழுதிய ஒழுங்குமுறைக்குத் திருத்தந்தை ஒப்புதல் அளித்த ஏடு, அவர் இறப்பதற்கு முந்தைய நாள்தான் வந்து சேர்ந்தது. துறவற ஒழுங்குமுறை ஒன்றை ஒரு பெண் எழுதித் திருச்சபை ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. கண்பார்வை மங்கி வலியில் கிடந்த பிரான்சிஸ் கதிரவனையும் நிலவையும் சகோதரனும் சகோதரியுமாக அழைத்துப் பாடிய படைப்புகளின் பாடலும், 1225ஐ ஒட்டி இங்கே தங்கியிருந்தபோது பிறந்ததாகவே சொல்லப்படுகிறது.

சென்னைவாசிகளுக்காக ஒரு செய்தி. இத்தாலிய அரசு 19ஆம் நூற்றாண்டில் துறவு மடங்களைப் பறிமுதல் செய்த காலத்தில், சான் தமியானோவை விலைக்கு வாங்கித் துறவிகள் தொடர்ந்து அங்கேயே இருக்க வழி செய்தவர், கத்தோலிக்கத்தைத் தழுவிய ஆங்கிலப் பிரபு ஒருவர். அவர்தான் 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபு. நம் மாநகராட்சியின் வெள்ளை மாளிகை தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். மடம் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் கைக்கு முழுமையாக வந்தது 1983இல்.

மேலே ஏறி வந்ததும் சாந்தா மரியா மஜ்ஜோரே. சான் ரூபினோவுக்கு முன் ஆயரின் ஆலயமாக இருந்த இது, பார்வைக்கு எளிமையான, பழைய கோவில். இதை ஒட்டிய ஆயர் இல்லத்தில்தான் பிரான்சிஸ் உடுத்திய துணியையும் கழற்றித் தந்தையிடம் கொடுத்துவிட்டு நின்றார். அந்தத் துறத்தலின் நினைவாக 2017இல் இது தனித் திருத்தலமாக்கப்பட்டது. இன்று இங்கே நீளும் வரிசை வேறொருவருக்காக. 2006இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அகுதிஸின் உடல் 2019 முதல் இங்கே இருக்கிறது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியும் அணிந்து கண்ணாடிக்குப் பின் கிடக்கும் அந்தப் பையனைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆடம்பர உடையைக் களைந்த ஒருவரின் இடத்தில், அன்றாட உடையில் ஒருவரைக் கிடத்தியிருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. வழியில் சாந்தோ ஸ்தேபனோ என்ற குட்டிக் கோவிலுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். பிரான்சிஸ் இறந்த வேளையில் அதன் மணிகள் தாமாகவே ஒலித்தன என்பார்கள்.

கடைசியாகக் கல்லறைப் பேராலயம். நிலம் நன்கொடையாக வந்தது. அதற்கு அதுவரை நரகக் குன்று என்று பெயர், பிறகு அது விண்ணகக் குன்றாயிற்று. 1228 ஜூலை 16 அன்று பிரான்சிஸைப் புனிதராக அறிவித்த ஒன்பதாம் கிரகோரி, மறுநாளே அடிக்கல் நாட்டினார். பணியை முன்னின்று நடத்தியவர் சகோதரர் எலியா. 1230இல் உடலை இங்கே கொண்டுவந்து, யாரும் திருடிப் போகாதபடி கீழாலயப் பீடத்தின் அடியில் மிக ஆழமாகப் புதைத்தார்கள். ஏழையாக இறந்தவருக்கு இவ்வளவு பெரிய கட்டடம் தேவையா என்ற கேள்வி சபைக்குள்ளேயே அன்று எழுந்தது. இன்றும் அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஆலயங்கள். கீழாலயம் இருண்டது, தாழ்ந்தது. கண் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள். வலப்பக்கக் குறுக்குக் கூடத்தில் சிமாபுவே தீட்டிய மாதா ஓவியத்தின் ஓரத்தில் பிரான்சிஸ் நிற்கிறார்: குள்ளமான உருவம், விரிந்த காதுகள், மெல்லிய தாடி. பார்க்க அழகற்ற அந்த முகத்தை நான் மற்ற எல்லா முகங்களையும்விட நம்புகிறேன். இடப்பக்கத்தில் பியெத்ரோ லோரென்செத்தியின் ஓவியத்தில் சிலுவையிலிருந்து இறக்கப்படும் கிறிஸ்துவின் உடல் விறைத்து வளைந்திருக்க, இரத்தம் பாறையில் வழிந்திறங்குகிறது. சிமோனே மார்த்தினி தீட்டிய புனித மார்ட்டின் சிற்றாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். நடுக்கூடச் சுவர்களில் உள்ள மிகப் பழைய ஓவியங்கள் பாதியில் அறுபட்டிருப்பதற்குக் காரணம், பக்கச் சிற்றாலயங்களுக்கு வழி திறக்கப் பின்னாளில் சுவரையே வெட்டியதுதான்.

மேலாலயம் வெளிச்சமானது. பிரான்சிஸின் வாழ்வைச் சொல்லும் 28 ஓவியங்கள் சுவர் நெடுகச் செல்கின்றன. ஜொத்தோ தீட்டியவை என்பது நீண்டகால வழக்கு. உரோமை ஓவிய மரபைச் சேர்ந்தவர்கள் தீட்டியவை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. முதல் ஓவியத்தில் நீங்கள் பார்த்துவந்த ஊர்ச் சதுக்கமும் மினெர்வா கோவிலும் இருக்கும். தூண்களை எண்ணுங்கள், ஐந்துதான். கிளாராவும் சகோதரிகளும் பிரான்சிஸின் உடலைத் தழுவி அழும் ஓவியத்தில் சான் தமியானோவைத் தேடுங்கள்: பளிங்கும் சிற்பமுமாக மின்னும் ஒரு முகப்பு தெரியும். அந்தக் கோவிலின் ஏழ்மையை அப்படியே தீட்ட ஓவியருக்கு மனம் வரவில்லை. காலையில் அங்கே போய்வந்தவர்களுக்கு மட்டுமே இது கண்ணில் படும். பீடத்துக்கு அருகே சிமாபுவேயின் ஓவியங்களில் வெண்மை இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுத்திருப்பது, வெள்ளை ஈயச் சாயம் வேதிமாற்றம் அடைந்ததால்.

1997 செப்டம்பர் 26 அன்று, அதிகாலை நிலநடுக்கத்தின் சேதத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது முற்பகலில் மீண்டும் நிலம் அதிர்ந்து மேற்கூரையின் பகுதிகள் இடிந்து விழுந்தன. இரண்டு துறவிகளும் இரண்டு ஆய்வாளர்களும் இறந்தார்கள். நொறுங்கிய சுதைத் துண்டுகளைப் பொறுக்கி, பிரித்து, ஒட்டி மீட்டெடுத்து, 1999 நவம்பரில் ஆலயத்தைத் திறந்தார்கள். விதானத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும் வெற்றிடங்கள், துண்டுகள் கிடைக்காத இடங்கள்.

தோள்பட்டையும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்; உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

மறுபடி கீழாலயம் வழியாக நிலவறைக்கு இறங்குங்கள். எங்கே புதைத்தோம் என்பதே மறந்துபோயிருந்த உடலை, 1818இல் 52 இரவுகள் தோண்டிக் கண்டெடுத்தார்கள். உடனே பளிங்கில் ஓர் அலங்கார நிலவறை கட்டினார்கள். நூறு ஆண்டுக்குள் அது பொருந்தவில்லை என்று தோன்றி, 1925க்கும் 1932க்கும் இடையில் அதை அகற்றிவிட்டு இன்றைய வெறும் கல்லாக மாற்றினார்கள். நடுவே கல் தூணுக்குள், இரும்புக் கிராதிக்குப் பின் கல்பேழை இருக்கிறது. சுற்றிலும் தோழர்களான லியோ, ரூபினோ, மசேயோ, ஆஞ்செலோ ஆகியோர் அடக்கம். மேலே எரியும் விளக்குக்கு ஒவ்வோர் அக்டோபர் 4ஆம் நாளும் இத்தாலியின் ஒரு மாநிலம் எண்ணெய் கொண்டுவருகிறது.

படியேறித் திரும்பும் முன், கல்லறைக்கு எதிரே, படிகளின் அருகே உள்ள சிறு மாடத்தைப் பாருங்கள். உரோமைச் சீமாட்டி ஜாக்கோபா தெய் செத்தேசோலியின் எலும்புகள் அதில் இருக்கின்றன. பிரான்சிஸ் சாகும் தறுவாயில், அவர் கேட்ட பாதாம் இனிப்பையும் உடலைப் போர்த்தத் துணியையும் எடுத்துக்கொண்டு உரோமையிலிருந்து வந்து சேர்ந்தவர் அவர். பெண்கள் நுழையக்கூடாத இடத்துக்குள் அவரைச் "சகோதரர் ஜாக்கோபா" என்று சொல்லி அனுமதித்தார்கள்.